செம்பு போன வழியே ஒரு கூடாரப் பயணம்: கீவினா தீபகற்பத்தைச் சுற்றிவருவது எப்படி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்குள் வளைந்த விரலைப் போல நீண்டு கிடக்கிறது கீவினா தீபகற்பம். இங்கே வருகிறவர்களில் பலர் நேரே அதன் முனைக்கு வண்டியை விட்டு, மலைச்சாலையில் ஒரு முறை ஏறி இறங்கி, மறுநாளே திரும்பிவிடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். வழியில் மரங்களுக்கு மேலே தலைநீட்டிய கட்டுமானங்களும், சாலையோரத்தில் குன்று குன்றாகக் கிடந்த கருங்கற்களும் என்னவென்று கேட்கக்கூட நிற்கவில்லை. அடுத்த முறை, இந்த மண்ணிலிருந்து எடுத்த செம்பு எந்த வழியாகப் போயிற்றோ அதே வழியாக நானும் போனேன்: பாறைக்கு அடியிலிருந்து மேலே, அங்கிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து ஏரிக்கு. ஊர் முழுவதும் அப்போதுதான் புரிந்தது. ஐந்து இரவுகள் கையில் இருந்தால் யாரும் அதைச் செய்யலாம்.

புறப்படுவதற்கு முன் கொஞ்சம் பின்னணியைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் இங்கே பார்க்கப்போகும் எதுவும் அதில்லாமல் வெறும் இடிபாடாகவே தெரியும். சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. பின்னர் அந்தப் பாறையின் துளைகளிலும் வெடிப்புகளிலும் ஊறி வந்த சூடான நீர், செம்பைத் தாதுவாக அல்லாமல் உலோகமாகவே படிய வைத்துப் போயிற்று. உருக்கிப் பிரிக்கத் தேவையில்லாத இந்தச் செம்பைப் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பூர்வகுடி மக்கள் குழி தோண்டி எடுத்து, தட்டிக் கருவிகளாகவும் அணிகளாகவும் செய்துவந்தார்கள். மாநில நிலவியலாளர் டக்ளஸ் ஹோட்டன் 1841-இல் தந்த அறிக்கை செம்பின் இருப்பை வெளியுலகுக்குச் சொன்னது. 1842-இல் லா பாயிண்ட் ஒப்பந்தத்தின் மூலம் இங்கத்திய பூர்வகுடியினரான ஒஜிப்வே மக்கள் இந்த நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டே கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரிய சுரங்க நிறுவனமான கேலுமெட் அண்ட் ஹெக்லா 1968-இல் வேலைநிறுத்தத்துக்கு நடுவே மூடப்பட்டதோடு அந்தக் காலம் முடிந்தது. ஒஜிப்வே மக்கள் போய்விடவில்லை. கீவினா விரிகுடாவை ஒட்டி அவர்களுடைய ஊர்கள் இன்றும் இருக்கின்றன, தெற்கிலிருந்து வரும் சாலை அவற்றின் வழியாகத்தான் வருகிறது.

எப்போது போவது, எதை முன்கூட்டியே முடிப்பது

ஆகஸ்ட் பிற்பாதியும் செப்டம்பரும் மிக நல்ல காலம் என்பது என் முடிவு. மே கடைசியிலும் ஜூனிலும் கருப்பு ஈக்கள் காதோரத்தையும் கழுத்தையும் விடாமல் கடிக்கும். கொசு அதற்குப் பின்னும் தொடரும். செப்டம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கும்போது காடே வேறொன்றாகிவிடும், ஆனால் இரவுக் குளிர் அதற்கேற்ப ஏறும். அக்டோபர் நடுவுக்குப் பின் கூடாரப் பயணத்தை நினைக்க வேண்டாம். 1978–79 குளிர்காலத்தில் இங்கே 390.4 அங்குலம் பனி பெய்தது. மொஹாக் ஊருக்கு அருகே நெடுஞ்சாலையோரம் நிற்கும் உயரமான அளவுகோலில் அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தால்தான் எண்ணின் பொருள் விளங்கும்.

மாநிலப் பூங்காக்களில் முகாமிடத்தை ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம், கோடை வார இறுதிகளுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். கூடாரத்துக்கான கட்டணத்தைத் தவிர, வண்டிக்கும் தனியாக ஒரு பூங்கா அனுமதிச் சீட்டு வேண்டும். மிச்சிகனில் பதிவான வண்டிகளுக்கு ரெக்ரியேஷன் பாஸ்போர்ட் என்ற பெயரில் பதிவுப் புதுப்பிப்போடு சேர்த்தே அதை வாங்கிவிடலாம். வெளிமாநில வண்டிகளுக்கு நாள் சீட்டும் ஆண்டுச் சீட்டும் உண்டு. இந்தப் பயணத்தில் இரண்டு பூங்காக்களில் பல நாள் தங்குவதால் ஆண்டுச் சீட்டையும் கணக்குப் பார்த்துவிடுங்கள். விறகை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவரவே கூடாது. எமரால்டு ஆஷ் போரர் என்னும் வண்டு விறகுக்குள் ஒளிந்து ஊர்விட்டு ஊர் போய்த்தான் மிச்சிகனின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. முகாமுக்கு அருகில் விற்கும் விறகையே வாங்குங்கள்.

வாரப் பொருட்களையும் மருந்தையும் ஹோட்டன் அல்லது ஹேன்காக் ஊரில் வாங்கி, கேலுமெட்டில் எரிபொருள் நிரப்பிக்கொண்டால் வடக்கே கவலையில்லை. அங்கிருந்து முனை வரை கைப்பேசிக்குத் தொடர்பு கிடைப்பது அரிது, ஆகவே வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கிவைப்பதோடு காகித வரைபடம் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும்.

கூடாரத்தை ஏரிக்காற்றுக்குத் தயார் செய்வது

சுப்பீரியர் நன்னீர் ஏரிதான், ஆனால் அதைக் கடலாக நினைத்துக்கொண்டு மூட்டை கட்டுவதுதான் சரி. பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர், ஆழம் 400 மீட்டரைத் தாண்டும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. பகலில் அசையாமல் கிடக்கும் நீர் நள்ளிரவில் மேற்குக் காற்றோடு எழுந்து கரையை அறையும். ஒரு முறை நடு இரவில் கூடாரத்தின் மேற்குச் சுவர் என் முகத்தின்மேல் வந்து படிந்து விழித்தேன். மணலில் அடித்திருந்த நான்கு முளைகளும் வேர்விடாத செடியைப் போலக் கையோடு வந்தன. மணலில் கம்பி முளை நிற்காது. ஒரு முழ நீள விறகுத் துண்டின் நடுவில் கயிற்றைக் கட்டி, அதைக் காற்றுக்குக் குறுக்காக முழங்கை ஆழத்தில் புதைத்து, மேலே மணலைத் தள்ளி மிதித்து இறுக்குங்கள். பிறகு எந்தக் காற்றும் அதைப் பிடுங்காது. கூடாரத்தின் வாசல் கிழக்கே பார்க்கட்டும், மழைத்துணி தரைவரை வரட்டும். கோடையிலும் இரவு வெப்பநிலை பத்து டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக்கூடும் என்பதால், தடித்த ஸ்லீப்பிங் பேக்கைவிட அடியில் விரிக்கும் மெத்தை விரிப்புதான் முக்கியம். குளிர் மேலிருந்து வருவதைவிட மணலிலிருந்துதான் அதிகம் ஏறும்.

காடு முழுவதும் கருங்கரடிகள் உண்டு. உணவையும் பற்பசையையும் வண்டிக்குள் பூட்டிவைத்தால் போதும், அவற்றால் தொல்லை வராது. மாலை மங்கியபின் ஓட்டுவதைத் தவிர்ப்பதற்கு மான்களே காரணம்.

முதல் இரண்டு இரவுகள்: மெக்லேன் பூங்கா

தெற்கிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஹோட்டனுக்கும் ஹேன்காக்குக்கும் நடுவே இருக்கும் தூக்குப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1959-இல் திறந்த இந்தப் பாலம் நடுப்பகுதி முழுவதையும் மேலே தூக்கிக் கப்பலுக்கு வழிவிடும். தீபகற்பத்தின் வடபாதிக்குப் போக இதைத் தவிர வேறு சாலை கிடையாது. குறுக்கே ஓடும் நீர்வழி அந்தப் பாதியை உண்மையில் ஒரு தீவாகவே ஆக்கிவிட்டது. சுரங்க வேலைக்கு வந்த ஃபின்லாந்துக்காரர்கள் அதைச் செம்புத் தீவு என்றே அழைத்தார்கள். கீவினா என்ற ஒஜிப்வேப் பெயரும் இந்த நீர்வழியைத்தான் சொல்கிறது: படகைத் தோளில் தூக்கிக் கடக்கும் இடம்.

பாலம் தாண்டி ஹேன்காக்கிலிருந்து 203 எண் சாலையில் பத்து மைல் போனால் எஃப். ஜே. மெக்லேன் மாநிலப் பூங்கா. மேற்கைப் பார்த்த கரை என்பதால் சூரியன் நேராக ஏரிக்குள் இறங்கும். ஜூன் கடைசியில் அது இரவு பத்து மணியை ஒட்டி நடக்கும், சமைத்துச் சாப்பிட்டு முடித்தபின்னும் வெளிச்சம் இருக்கும். இந்தப் பூங்காவின் கரையை அலை தொடர்ந்து அரித்துவருவதால் விளிம்பிலிருந்த முகாமிடங்கள் சிலவற்றை இழந்திருக்கிறார்கள். மணல் மேட்டின் ஓரத்தில் நிற்பதோ குழந்தைகளை விளையாட விடுவதோ வேண்டாம்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, ஹேன்காக்குக்கு மேலே குன்றின்மேல் நிற்கும் குவின்சி சுரங்கத்துக்குப் போங்கள். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் அது இதுவாக இருக்கட்டும். 1846-இல் தொடங்கி 1945 வரை ஓடிய குவின்சியின் இரண்டாம் எண் சுரங்க வாய் சரிவாக 9,260 அடி இறங்குகிறது, 92 தளங்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து பாறையை இழுக்க 1920-இல் இங்கே இயங்கத் தொடங்கிய நீராவி ஏற்றி உலகிலேயே பெரியது. அதன் உருளை 30 அடி விட்டம் கொண்டது. பத்து டன் பாறையை மணிக்கு 36 மைல் வேகத்தில் மேலே கொண்டுவந்த இந்த இயந்திரம், செம்பு விலை விழுந்ததால் 1931-இல் நின்றது. அதாவது பதினோரு ஆண்டுகள்தான் ஓடியது. உருளைக்கு அருகில் போய், இயக்குநரின் இருக்கையை ஒட்டி நில்லுங்கள். வண்டி எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் முள்ளைப் பார்த்தபடி ஒரே மனிதர் இந்த எடை முழுவதையும் நெம்புகோலால் ஆண்டார் என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும்.

நிலத்தடிச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பல்சக்கர ரயில் ஒன்று குன்றின் சரிவில் இறக்கிவிட, கிடைமட்டமாகக் குடைந்த கிழக்கு வாயில் வழியாக ஏழாம் தளத்துக்குள் போகலாம். உள்ளே கோடையிலும் 6 டிகிரி செல்சியஸ்தான். தடித்த ஸ்வெட்டரும் மூடிய காலணியும் இல்லாமல் போகக்கூடாது. ஏழாம் தளத்துக்குக் கீழே இருப்பவை எல்லாம் நீரில் மூழ்கிவிட்டன. எங்களை அழைத்துப் போனவர் விளக்குகளை அணைத்தபோது, கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தும் தெரியவில்லை. பாறையிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவர் துளைக்கம்பியைப் பிடிக்க மற்றவர்கள் சம்மட்டியால் அடித்த காலத்தை அந்த இருட்டு சொல்லிவிடும்.

அன்று பிற்பகலில் 26 எண் சாலையில் டார்ச் ஏரிக்கரையை ஒட்டி ஓட்டுங்கள். சுரங்கத்திலிருந்து வந்த பாறையை இங்கிருந்த ஆலைகள் மணலாக நொறுக்கிச் செம்பைப் பிரித்து, மிச்சத்தை ஏரியிலேயே கொட்டின. மேசன் என்ற இடத்துக்கு அருகில், பாதி மூழ்கிச் சாய்ந்த நிலையில் ஒரு தூர்வாரும் கப்பல் நிற்கிறது. பழைய ஆலைகள் விட்டுவைத்த செம்புக்காக, கொட்டிய மணலையே ஏரியடியிலிருந்து மறுபடி உறிஞ்சி எடுத்த கப்பல் அது, 1967-இல் மூழ்கியது. டார்ச் ஏரி 1986-இல் நடுவண் அரசின் நச்சுக்கழிவுத் தூய்மைப் பட்டியலில் சேர்ந்தது.

கேலுமெட்டுக்கு அரை நாள் வேண்டும். கீவினா தேசிய வரலாற்றுப் பூங்கா 1992-இல் அமைந்தது. வேலியிட்ட ஒற்றை நிலமாக இல்லாமல், ஊர் ஊராகச் சிதறிய இடங்களின் தொகுப்பு அது. அதன் தகவல் மையம் கேலுமெட்டில் இருக்கிறது, அங்கே முதலில் போனால் மற்ற இடங்கள் திறந்திருக்கும் நேரங்களைக் கேட்டுக்கொள்ளலாம். செங்கல்லும் சிவப்பு மணற்கல்லுமாக நிற்கும் தெருக்களையும், 1900-இல் திறந்த நாடக அரங்கையும் பார்த்தால் இந்தச் சிற்றூரில் எவ்வளவு பணம் புழங்கியது என்பது தெரியும். அந்தப் பணத்தின் மறுபக்கம் ஏழாம் தெருவில் இருக்கிறது. 1913 ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரே ஆள் தனியாக இயக்கும் புதிய துளைக்கருவி, அருகில் துணைக்கு ஆளில்லாமல் சாக வைக்கும் என்று அவர்கள் அஞ்சியது காரணங்களில் ஒன்று. அந்த டிசம்பர் 24-ஆம் நாள் இத்தாலியன் ஹால் மாடியில் தொழிலாளர் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் விழாவில் யாரோ நெருப்பு என்று கத்தினார்கள். நெருப்பு எதுவும் இல்லை. படிக்கட்டில் நெரிசலில் 73 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். கட்டடத்தை 1984-இல் இடித்துவிட்டார்கள். வாசலின் மணற்கல் வளைவு மட்டும் புல்தரையில் தனியாக நிற்கிறது. அந்த வளைவுக்குள் நின்று அதன் அகலத்தைக் கைகளால் அளந்து பாருங்கள்.

அடுத்த மூன்று இரவுகள்: காப்பர் ஹார்பர்

வடக்கே போகும்போது 41 எண் நெடுஞ்சாலையை ஃபீனிக்ஸ் என்ற இடத்தில் விட்டுவிட்டு 26-ஐப் பிடியுங்கள். அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது 1845-இல் தொடங்கிய கிளிஃப் சுரங்கத்தின் இடம். இந்த வட்டாரத்தில் முதன்முதலில் லாபம் தந்த சுரங்கம் அது. இங்கே செம்பு டன் கணக்கில் ஒரே கட்டியாகக் கிடைத்தது. வளையும் உலோகம் வெடிமருந்துக்கு உடையாததால், ஒரு கட்டியை மேலே கொண்டுவர உளியாலும் சம்மட்டியாலும் மாதக்கணக்கில் வெட்ட வேண்டியிருந்தது. இன்று அங்கே கற்குவியலும் சுவரின் மிச்சமும்தான் உள்ளன.

இத்தகைய இடங்களில் பாதையை விட்டு விலக வேண்டாம். மூடிய சுரங்க வாய்களைச் சுற்றி மண் உள்வாங்கலாம். வேலி போட்ட இடம் எதற்கும் காரணம் உண்டு. சில வாய்களில் தெரியும் இரும்புக் கூண்டு வௌவால்கள் போய்வருவதற்காக வைத்தது. கல் பொறுக்குவதற்கும் விதி இருக்கிறது: தேசியப் பூங்கா நிலத்தில் ஒரு கூழாங்கல்லும் எடுக்கக்கூடாது, மாநில நிலத்தில் ஆண்டுக்கு ஒருவருக்கு 25 பவுண்டு வரை எடுக்கலாம், கற்குவியல்களில் பல தனியாருடையவை என்பதால் கேட்காமல் கைவைக்கக்கூடாது. நல்ல செம்புக் கற்களைக் காண ஆசைப்படுகிறவர்கள் ஹோட்டனில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஏ. இ. சீமன் கனிம அருங்காட்சியகத்துக்கே போய்விடலாம்.

ஈகிள் ரிவர், ஈகிள் ஹார்பர் வழியாகப் போகும் இந்தக் கரைச்சாலை மெதுவாக ஓட்டுவதற்கானது. ஜேக்கப் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது, அதற்குப் பக்கத்தில் துறவிகள் நடத்தும் கடையில் திம்பிள்பெரி என்னும் காட்டுப்பழத்தின் ஜாம் கிடைக்கும். ஈகிள் ஹார்பரைத் தாண்டியபின் பிராக்வே மலைச்சாலைக்கு ஏறுங்கள். 1933-இல் சுரங்கங்கள் படுத்து வேலை இழந்தவர்களுக்குக் கூலி தருவதற்காக அமைத்த சாலை இது, ஏறத்தாழ ஒன்பது மைல். உச்சி ஏரி மட்டத்துக்கு 700 அடிக்கு மேல் நிற்கிறது. தெளிந்த நாளில் ஐல் ராயல் தீவு நீலக் கோடாகத் தெரியும்.

முகாம் ஃபோர்ட் வில்கின்ஸ் மாநிலப் பூங்காவில். செம்பைத் தேடி வந்த கூட்டத்தில் ஒழுங்கைக் காக்க 1844-இல் ராணுவம் கட்டிய கோட்டை இது. இரண்டே ஆண்டில் படை மெக்சிகோ போருக்குப் போய்விட்டது. மரக்கட்டடங்கள் சீரமைக்கப்பட்டு நிற்கின்றன. முகாமிடங்கள் ஃபேனி ஹூ என்ற சிறு ஏரியை ஒட்டி இருப்பதால், சுப்பீரியரில் காற்று எழும் இரவுகளிலும் இங்கே மரங்களுக்கு நடுவே நிம்மதியாகத் தூங்கலாம். குளிப்பதற்கும் சிறு ஏரியே நல்லது. சுப்பீரியரின் குளிரில் சில நிமிடங்களிலேயே கை கால் விரைத்துவிடும்.

இங்கே ஒரு முழு நாளை எஸ்டிவன்ட் பைன்ஸ் காட்டுக்கும் இரவு வானத்துக்கும் ஒதுக்குங்கள். சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்கத் தீபகற்பத்தின் மரங்கள் வெட்டுப்பட்டபோது தப்பிய முதிய வெள்ளைப் பைன் மரங்கள் அந்தக் காட்டில் இருக்கின்றன. காப்பர் ஹார்பருக்கு மேலே மலை விடுதியைச் சுற்றியுள்ள பகுதி செயற்கை வெளிச்சம் கலையாத இரவு வானத்துக்காக 2022-இல் இருண்ட வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. நல்ல வாய்ப்பிருந்தால் செப்டம்பரில் வடதுருவ ஒளியும் தென்படும். கிழக்கே 41-ஆம் நெடுஞ்சாலை ஒரு வட்டத்தில் முடிகிறது; அதற்கப்பால் உள்ள மண்பாதை உயர்ந்த அடிப்பாகமுள்ள வண்டிக்கே உரியது, சாதாரணக் காரோடு இறங்க வேண்டாம்.

திரும்பும் வழி

கடைசி நாள் காலையில் கூடாரத்தை உதறிக் காயவைத்து மடித்தபின், வந்த வழியே போகாமல் டெலாவேரில் இடப்புறம் திரும்பி லாக் லா பெல்லுக்கு இறங்குங்கள். பேடி கிரீ கடற்கரையில் வெண்மணல் விரிந்து கிடக்கும், உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் கீச்சென்று ஒலிக்கும். அங்கிருந்து கரையை ஒட்டித் தெற்கே போனால் கே என்ற சிற்றூர் வரும். 1901 முதல் 1932 வரை அங்கே இரண்டு சுரங்கங்களின் ஆலைகள் 2 கோடி டன்னுக்கு மேல் நொறுக்கிய பாறையை ஏரிக்கரையில் கொட்டின. ஓர் ஆலையின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. அந்தச் சாம்பல்கருப்பு மணலை ஏரி ஆண்டாண்டாகத் தெற்கே தள்ளிக்கொண்டே போய், மீன்கள் முட்டையிடும் பஃபலோ பாறைத்திட்டை மூடத் தொடங்கியிருக்கிறது. அதை அள்ளி அகற்றும் வேலையில் மாநில அரசும் நடுவண் அரசும் கீவினா விரிகுடா ஒஜிப்வே சமூகமும் சேர்ந்து இறங்கியிருக்கின்றன. காலையில் வெண்மணலைத் தொட்ட கையால் இந்தக் கருமணலையும் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள்: கூர்மையாக, சீராக, ஒரே அளவில் இருக்கும். அங்கிருந்து லேக் லிண்டன் வழியாகத் தூக்குப் பாலத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பாலம் மேலே எழும்பியிருந்தால் கப்பல் போகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துப் புறப்படுங்கள்.